சைக்கிளில் போய்க் கூடாரம் போட எந்த இடம்? பினாங்கிலிருந்து கிளம்புகிறவர்களுக்கான கேள்வி பதில்

பினாங்குத் தீவிலிருந்தோ பட்டர்வொர்த் பக்கமிருந்தோ சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஓரிரு ராத்திரி வெளியே தங்கிவர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. சொகுசு முகாம்களைப் பற்றி இங்கே எதுவும் இல்லை. குழாய், கழிவறை, ஒரு கூரை இருந்தால் போதும் என்பவர்களுக்காக எழுதியது.

காரில் போகிறவர்கள் புகழ்கிற இடங்களில் ஒன்றையே தேர்ந்தெடுத்தால் என்ன?

தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அவர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று பாருங்கள். பிரதான சாலையிலிருந்து உள்ளே எத்தனை கிலோமீட்டர், அதில் எவ்வளவு செம்மண், எவ்வளவு ஏற்றம் என்பதெல்லாம் காரில் போகிறவர் கண்ணில் படுவதே இல்லை. மூட்டை முடிச்சோடு மிதிக்கிற உங்களுக்குக் கடைசி மூன்று கிலோமீட்டர் செங்குத்தாக இருந்தால் அன்றைய பயணமே கசந்துவிடும். மழையில் நனைந்த செம்மண் அதைவிட மோசம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்ற மறுக்கும். வண்டியைத் தள்ளவும் முடியாது, தூக்கவும் முடியாது.

போன் செய்து விசாரிக்கும்போது "மைவி கார் உள்ளே வருமா?" என்று கேளுங்கள். வரும் என்றால் உங்கள் சைக்கிளும் போகும். "ஹைலக்ஸ் இருந்தால் நல்லது" என்று இழுத்தால் வேறு இடம் பாருங்கள். இடம் நிரம்பியிருந்தால் கார்க்காரர் இன்னொன்றைத் தேடி முப்பது கிலோமீட்டர் போய்விடுவார். மாலை ஆறு மணிக்கு உங்களால் அது ஆகாது. அதனால் அந்த ராத்திரிக்கு இடம் உண்டு என்று வாய்மொழியாகவாவது உறுதி வாங்காமல் கிளம்பாதீர்கள்.

குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும்?

குழாய்த் தண்ணீர், கழிவறை, கூரை, ஓர் ஆள். இந்த நான்கும் இருந்தால் காட்சி சுமாராக இருந்தாலும் நான் தங்குவேன்.

கூரை ஏன் இவ்வளவு முக்கியம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். குளிர்நாட்டு முகாம் காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கூடாரம்தானே வீடு என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே மழை கொட்டும்போது கூடாரத்துக்குள் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்துவிடும். சமைக்க முடியாது, நனைந்த சட்டையைக் கழற்ற இடம் இருக்காது, சைக்கிளும் வெளியே நனையும். நாலு தூணும் துத்தநாகத் தகடும் போட்ட ஒரு கொட்டகை இருந்தால் இத்தனையும் தீர்ந்தது. காங்கிரீட் தரை இருந்தால் இன்னும் நல்லது. மேல்துணியை விட்டுவிட்டு வலைக்கூடாரத்தை மட்டும் அதன் கீழே விரித்துக்கொள்ளலாம். காற்று வரும், கொசு வராது.

ஆள் என்று சொன்னது காவலாளியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு மலாய் அம்மாவாக இருக்கலாம். ராத்திரி காய்ச்சல் வந்தாலும் மரம் விழுந்தாலும் கூப்பிட ஒரு மனிதர் வேண்டும்.

ஐந்து கிலோமீட்டருக்குள் ஒரு கடை இருந்தால் மூட்டையில் கணிசமாக எடை குறையும். ராத்திரிச் சாப்பாட்டை வழியில் தாப்பாவ் செய்து (பொட்டலமாக வாங்கி), காலையில் நாசி லெமாக் வாங்கிக்கொண்டால் அடுப்பே தேவையில்லை.

ஆற்றோரம்தானே அழகு? அங்கே போடக்கூடாது என்று ஏன் சொல்கிறார்கள்?

பகலில் குளியுங்கள், படுக்க மேலே வாருங்கள்.

நம் பக்கத்து ஆறுகள் மலையிலிருந்து குறுகிய தூரத்தில் இறங்கி வருபவை. நீங்கள் இருக்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே காட்டுக்குள் ஒரு மணி நேரம் கொட்டிய மழை ஒரே சுவராகத் திரண்டு வரும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள், நம் பத்திரிகைகள் நீர்ப்பெருக்கு என்று எழுதும். 2021 ஆகஸ்டு 18 அன்று கெடாவின் ஜெராய் மலையில் பெய்த மழை அப்படித்தான் இறங்கியது. யான் பக்கம் தித்தி ஹாயூன், மெர்போக் பக்கம் துப்பா என்று மக்கள் குளிக்கப் போகும் ஆறுகள் எல்லாவற்றிலும் பாறையும் அடிமரமும் சேறும் உருண்டு வந்தன. உயிர்களும் போயின. துப்பாவில் முன்பு போனவர்களுக்கு அதன் பிறகு ஆற்றை அடையாளம் தெரியவில்லை.

எச்சரிக்கைக் குறிகள் உண்டு: தெளிந்த தண்ணீர் திடீரென்று டீ நிறத்துக்கு மாறுவது, சருகும் குச்சியும் அதிகமாக மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, சில நேரம் எதிர்பாராமல் தண்ணீர் குறைவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் துண்டைக்கூட எடுக்காமல் கரையேற வேண்டும். ஆனால் தூங்குகிறவருக்கு இந்தக் குறிகளால் என்ன பயன்? இருட்டில் தண்ணீரின் நிறம் தெரியுமா? அதனால்தான் படுக்கை மேட்டில் இருக்க வேண்டும்.

எவ்வளவு மேடு என்பதை நிலமே காட்டிவிடும். புதர்க்கிளைகளில் பிளாஸ்டிக்கும் வைக்கோலும் சிக்கியிருக்கும் உயரத்தைப் பாருங்கள். போன வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. உங்கள் கூடாரம் அதற்கும் நன்றாக மேலே இருக்க வேண்டும், திரும்பிப் போகும் வழி ஆற்றைக் கடப்பதாக இருக்கக்கூடாது. இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முகாம் மேட்டில்தான் இருக்கும், ஆனால் உள்ளே வர ஒரு தாழ்வான பாலம். அது மூழ்கினால் நீங்கள் தீவில் மாட்டிக்கொண்ட மாதிரிதான்.

எலிச்சிறுநீர் நோயும் இந்தக் கணக்கில் வரும். உணவுக் குப்பை குவிந்து கிடக்கிற ஆற்றோர முகாம்களில் எலி நிறைய. காலில் சிராய்ப்போடு அங்கே இறங்கினால் தொற்ற வாய்ப்புண்டு. சைக்கிள்காரர்களின் காலில் சிராய்ப்பு இல்லாத நாள் ஏது? போய்வந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்படியானால் மலைச்சரிவில் இருக்கும் முகாம்கள் பரவாயில்லையா?

சரிவுக்குக் கீழே என்றால் அதுவும் வேண்டாம். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் சிலாங்கூரின் பத்தாங் காலி அருகே கெந்திங் போகும் சாலையோரம் ஒரு பண்ணை முகாமில் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். பள்ளி விடுமுறை, குடும்பம் குடும்பமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முகாமுக்கு மேலே இருந்த சாலையோரச் சரிவு இடிந்து இறங்கி 31 பேர் இறந்தார்கள். அது இயற்கை வேளாண் பண்ணையாக நடத்த அனுமதி பெற்ற இடம், முகாம்தளத்துக்கு உரிமம் இல்லை என்று அரசு அப்போது சொன்னது.

அதற்குப் பிறகு "உரிமம் இருக்கிறதா?" என்று கேட்பதில் யாருக்கும் கூச்சம் வேண்டியதில்லை. நேர்மையாக நடத்துகிறவர்கள் ஊராட்சி மன்ற அனுமதி பற்றித் தயங்காமல் சொல்கிறார்கள். ஆனால் உரிமம் மட்டும் மண்ணைப் பிடித்து நிறுத்தாது. நீங்களும் தலையைத் தூக்கிப் பாருங்கள். மேலே வெட்டிய சரிவு, அதில் சாய்ந்து நிற்கும் மரங்கள், புதிதாக மண் பெயர்ந்த தழும்பு, சரிவின் அடியில் கசியும் நீர், இரண்டு மூன்று நாளாக விடாத மழை. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தாலே நான் தங்கமாட்டேன்.

செம்பனைத் தோட்டத்துக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் கிளம்பினால்?

நம்மில் பலருக்குத் தாத்தா பாட்டி வாழ்ந்த இடம் தோட்டம். அதனால் ஏதோ உரிமை இருப்பது போல ஓர் எண்ணம். சட்டப்படி அது தனியார் நிலம், அனுமதியில்லாமல் நுழைவது அத்துமீறல். பழத்தார் திருட்டு எப்போதும் இருப்பதால் காவலாளிகள் ராத்திரியில் டார்ச்சோடு சுற்றுகிறார்கள். புதருக்குள் ஒளிந்திருக்கிற ஒரு கூடாரத்தைப் பார்த்தால் அவர்கள் முதலில் சுற்றுலாப் பயணி என்று நினைக்கமாட்டார்கள்.

சரி, அனுமதி கிடைத்தாலும் செம்பனைக்கு அடியில் படுப்பது சுகமில்லை. ஓலைகள் மேலே கூடி நிற்பதால் காற்றே வராது, கொசு அதிகம். வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு நடுவில் குவித்துப் போட்டிருப்பார்கள். பழத்தைத் தின்ன எலி வரும், எலியைத் தின்ன நாகம் வரும், இரண்டும் குடியிருப்பது அந்தக் குவியலில்தான். எலியைக் கட்டுப்படுத்தவே பல தோட்டங்களில் கூகைக்குக் கம்பத்தின் மேல் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். ராத்திரி அது கத்துவதைக் கேட்டால் முதல்முறை வருகிறவர் பொழுது விடியும்வரை தூங்கமாட்டார். தோட்டத்து ஓடையில் தண்ணீர் எடுக்கவே எடுக்காதீர்கள். பாராகுவாட் 2020 முதல் நாட்டில் தடை என்றாலும் மற்ற களைக்கொல்லிகளும் உரமும் மழையோடு ஓடைக்குத்தான் வருகின்றன. காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது.

பால்மர (ரப்பர்) காடு கொஞ்சம் தேவலை, காற்றோட்டம் இருக்கும். ஆனால் மரம் பலமற்றது, காற்றடித்தால் கிளை முறியும். சிறு தோட்டக்காரர்கள் பொழுது விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்வெட்ட வந்துவிடுவார்கள். இருட்டில் உங்கள் கூடாரத்தைப் பார்த்து அவர் பயப்பட, அவரைப் பார்த்து நீங்கள் பயப்பட என்று ஆகும். ஜனவரி, பிப்ரவரியில் இலையுதிர்ந்து பால்மரக் காடு பார்க்க அழகாக இருக்கும். அப்போது தரை முழுக்கக் காய்ந்த சருகு, ஒரு பொறி போதும். அடுப்புப் பற்றவைக்க வேண்டாம்.

தோட்டத்துக் கோயிலில் கேட்கலாமா?

தாராளமாக. தமிழர்களுக்கு இந்தப் பயணத்தில் இருக்கும் பெரிய வசதியே இதுதான் என்பேன். கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் லயங்கள் காலியாகி, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்து, பள்ளிக்கூடம் ஊர்ப்பக்கம் மாறிப்போன தோட்டங்களில்கூட மாரியம்மனோ முனீஸ்வரரோ அங்கேயே இருக்கிறார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம், குழாய், கழிவறை, விளக்கு, பார்த்துக்கொள்ள ஓர் ஆள். நான் மேலே சொன்ன நான்கும் ஒரே இடத்தில்.

கேட்கிற முறை முக்கியம். பூட்டிய கேட்டுக்கு முன்னால் இருட்டில் போய் நிற்காதீர்கள். பகலிலேயே பூசாரியையோ கோயில் தலைவரையோ பார்த்து, "ஐயா, பினாங்கிலிருந்து சைக்கிளில் வர்றோம், ஒரு ராத்திரி மண்டபத்து ஓரமா படுத்துக்கலாமா?" என்று பெயர், ஊர் சொல்லிக் கேளுங்கள். யார் வீட்டுப் பிள்ளை, அப்பா எந்தத் தோட்டம் என்ற விசாரணை அரை மணி நேரம் நடக்கும். அதில் பாதிநேரம் ஒரு உறவு கண்டுபிடிக்கப்பட்டு ராத்திரிச் சாப்பாடும் வந்துவிடும். வழக்கமான ஒழுங்கு போதும்: அசைவமும் மதுவும் இல்லை, ஈரத்துணியைச் சந்நிதிக்கு நேரே காயப்போடக்கூடாது, காலையில் மண்டபத்தைக் கூட்டிவிட்டு உண்டியலில் முடிந்ததைப் போட வேண்டும். திருவிழா வாரத்தில் போனால் படுக்க இடம் கிடைக்காது, அன்னதானம் கிடைக்கும்.

தமிழ்ப்பள்ளித் திடலும் சிலர் மனத்தில் வரும். அதற்குத் தலைமையாசிரியரின் முன் அனுமதி வேண்டும். வாசலில் இருக்கும் காவலாளி தலையாட்டினால் அது அனுமதி ஆகாது.

மலாய்க் கம்பத்தில் (கிராமத்தில்) எப்படி?

கிராமத் தலைவரின் வீட்டைக் கேட்டு அங்கே போங்கள். "போலே தும்பாங் பாசாங் கேமா சத்து மாலாம்?" (ஒரு ராத்திரி கூடாரம் போட்டுக்கொள்ளலாமா?) என்று கேட்டால் பெரும்பாலும் பொதுமண்டபத்தையோ சூராவ் (சிறு தொழுகையிடம்) பக்கத்துத் திடலையோ காட்டுவார்கள். இறுக்கமான சைக்கிள் கால்சட்டைக்கு மேல் ஒரு சாரமோ நீளக் கால்சட்டையோ போட்டுக்கொண்டு போவது நல்லது. பீர் டின் வேண்டாம். விடியற்காலை ஆறு மணி வாக்கில் பாங்கு சத்தத்தில் எழுந்துவிடுவீர்கள், அலாரம் தேவையில்லை.

கடற்கரை?

பார்க்க நன்றாக இருக்கும், தூங்க அவ்வளவு நன்றாக இருக்காது. அந்தி நேரத்தில் மணல்கொசு கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். தென்னைக்கு அடியில் போடக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. (பாலிக் பூலாவ் பக்கம் ஜூன், ஜூலையில் டுரியான் மரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.) அலை எதுவரை ஏறும் என்பதைக் காய்ந்த பாசிக்கோடு காட்டும், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அதைவிட மேலே வரலாம்.

மேற்குக் கரைக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், குறிப்பாக மே முதல் செப்டம்பர் வரை, சுமத்ராப் பக்கமிருந்து ஒரு புயல்வரிசை விடியலுக்கு முன்னோ காலையிலோ நீரிணையைக் கடந்து வரும். ராத்திரி நட்சத்திரம் பார்த்துவிட்டுப் படுத்திருப்பீர்கள். நாலு மணிக்குப் பலத்த காற்றும் மழையும் ஒன்றாக அடிக்கும். கடலைப் பார்த்து வாசல் வைத்த கூடாரம் பாய்மரம் மாதிரி உப்பிக் கிளம்பிவிடும். கடற்கரையில் தங்கியே ஆக வேண்டுமென்றால் மரவரிசைக்குப் பின்னால், முளைகளை ஆழமாக அடித்து, முதுகைக் கடலுக்குக் காட்டிப் போடுங்கள்.

தெலுக் பஹாங்கில் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் பந்தாய் கெராச்சூட்டில் தங்குவதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆமை முட்டையிடும் கரை, உப்புநீர் அடியிலும் நன்னீர் மேலேயும் நிற்கும் ஏரி என்று அருமையான இடம். ஆனால் அது நடந்து போகும் காட்டுப்பாதை, சைக்கிளுக்கு வேலை இல்லை. வண்டியை வாசலில் விட்டுவிட்டு ராத்திரி முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு படுக்க வேண்டியிருக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் திட்டமிடலாம்? எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

சுமையோடு முதல் பயணம் என்றால் சமநிலத்தில் 50 கிலோமீட்டர், ஏற்றம் உண்டென்றால் 35. பழகியவர்கள் கூட்டிக்கொள்ளலாம்.

நேரம்தான் முக்கியம். நமக்குச் சூரியன் மறைவது ஆண்டு முழுக்க ஏறத்தாழ 7 மணிக்கும் 7.40க்கும் இடையில், மறைந்த அரை மணிக்குள் கும்மிருட்டு. இடிமழையோ பிற்பகல் மூன்று நாலு மணிக்கே தொடங்கிவிடும். எனவே மூன்று மணிக்குள் சேர்ந்துவிடுகிற மாதிரி தூரத்தை வையுங்கள். காலை ஏழு மணி வெளிச்சத்தில் கிளம்பினால் பதினொன்றுக்குள் பெரும்பகுதி முடிந்துவிடும். வெயில் உச்சியில் ஒரு மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துவிட்டு மிச்சத்தை மிதிக்கலாம். சீக்கிரம் சேர்வதில் இன்னொரு லாபமும் உண்டு. இடம் பிடிக்கவில்லை என்றால் வேறு தேட வெளிச்சம் மிச்சமிருக்கும்.

எந்த மாதங்கள்?

பினாங்கு, கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறண்டவை. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை நல்ல மழை, ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. வானிலைத் துறையான மெட்மலேசியாவின் மைச்சுவாச்சா (myCuaca) செயலியில் இடிமழை எச்சரிக்கை வரும். கிளம்பும் முந்தைய இரவும் முகாமுக்குப் போனதும் பாருங்கள்.

தீவிலிருந்து பெருநிலத்துக்குச் சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது?

பெரி. 2023-இல் வந்த புதிய பெரிகளில் மோட்டார் சைக்கிள்களோடு சைக்கிளையும் ஏற்றிக்கொள்கிறார்கள். பாலத்தில் முடியாது: 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் முதல் பாலமானாலும் 2014-இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலமானாலும், மோட்டார் சைக்கிளுக்கு வழி உண்டு, மிதிவண்டிக்கு இல்லை.

முதல் பயணத்துக்கு எந்தப் பக்கம் போகலாம்?

மூன்று திசை சொல்கிறேன். மூன்றிலும் தங்கும் இடம் திறந்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தெற்கே, செபராங் பிறையில் நிபோங் திபால் பக்கம் புக்கிட் பஞ்சோர். பட்டர்வொர்த்திலிருந்து ஏறத்தாழ முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர், அநேகமாகச் சமநிலம். வன இலாகா பார்த்துக்கொள்ளும் காட்டுப் பூங்கா, அனுமதி அவர்களிடம்தான். கூட்டரசுச் சாலையில் லாரி அதிகம் என்பதால் கிராமச் சாலைகளைத் தேர்ந்தெடுங்கள், சில கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை. மறந்தும் நெடுஞ்சாலையில் ஏறிவிடாதீர்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

வடக்கே, எனக்குப் பிடித்த வழி. பட்டர்வொர்த்திலிருந்து பெனாகா, கோத்தா கோலா மூடா வழியாகப் பந்தாய் மெர்டேகா. அங்கே மெர்போக் ஆற்று முகத்துவாரத்தைப் படகில் கடந்து தஞ்சோங் டாவாய். மோட்டார் சைக்கிளையே ஏற்றுகிற படகு, உங்கள் சைக்கிளுக்குக் கவலையில்லை. ஆனால் ராத்திரியில் ஓடும் என்று நம்பி இருக்காதீர்கள். அக்கரையில் கருவாட்டு வாசனையோடு ஊர் தொடங்கும். அங்கிருந்து மெர்போக் பக்கம் திரும்பினால் பழங்காலக் கோயில்கள் இருந்த பூஜாங் பள்ளத்தாக்கு. ராஜேந்திர சோழன் கடாரம் (இன்றைய கெடா) கொண்டதைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு ஜெராய் மலையடியில் அந்தக் கோயில் அடித்தளங்களைப் பார்க்காமலே இருக்கும் நம்மவர்கள் எத்தனை பேர்! சைக்கிளில் வந்து பார்ப்பது தனி சுகம். இந்த வட்டாரத்தில் மலையடி ஓடைகளுக்குப் பக்கத்தில் நிறைய முகாம்கள் உண்டு. 2021-இல் நடந்ததை மேலே சொல்லியிருக்கிறேன். வயல்வெளி ஓரத்துத் தங்குவிடுதி முற்றம் அல்லது கம்பத்துத் திடல்தான் என் தேர்வு. சமநிலத்தில் நின்று ஜெராயைப் பார்ப்பதே அழகு. 1,217 மீட்டர், வயல் மட்டத்திலிருந்து நேராக எழுந்து நிற்கும்.

தீவிலேயே என்றால் ஜார்ஜ்டவுனிலிருந்து பத்து பெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங், அங்கிருந்து அணையைத் தாண்டி ஏறி, தித்தி கெராவாங் வழியாகப் பாலிக் பூலாவ் இறக்கம். ஏற்றம் மூச்சு வாங்கும், கிலோமீட்டர் கொஞ்சம்தான். பாலிக் பூலாவ், சுங்கை பூரோங், பூலாவ் பெத்தோங் பக்கத்து வயலோரச் சாலைகள் தீவின் இன்னொரு முகம். அங்கே பழத்தோட்டக்காரர்கள் சிலர் கேட்டால் இடம் தருவார்கள். டுரியான் காலத்தில் மட்டும் கேட்காதீர்கள், ராத்திரியில் விழும் பழத்துக்குக் காவல் இருக்கும் நேரம் அது.

விலங்குகள்?

பயப்பட வேண்டிய வரிசை மக்கள் நினைப்பதற்கு நேர்மாறானது. முதலில் நாய். தோட்டத்து நாய்கள் கூட்டமாகத் துரத்தும். மிதித்துத் தப்ப நினைக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும். அடுத்தது குரங்கு. ரொட்டிப் பையைக் கூடாரத்துக்குள் வைத்தால் வலையைக் கிழித்துவிடும். மூடி திருகும் டப்பாவில் போட்டுக் கொட்டகைத் தூணில் கட்டித் தொங்கவிடுங்கள். அப்புறம் அட்டை, பூரான். காலணியைத் தட்டிவிட்டுப் போடுங்கள். பாலிங், சீக் பக்கம் காட்டோரத்தில் யானை நடமாட்டம் உண்டு. மின்வேலி போட்ட பண்ணைகளையோ புதிய சாணத்தையோ பார்த்தால் ஊருக்குள் போய்த் தங்குங்கள்.

சமையலுக்கு நெருப்பு மூட்டலாமா?

வேண்டாம். விறகு ஈரம், புகைதான் மிஞ்சும். எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கும் நீளமான கேஸ் டின்னும் சிறிய அடுப்பும் போதும். நம் வெப்பத்தில் அந்த மலிவான கேஸ் நன்றாகவே எரியும்.

பெண்கள் மட்டும் போனால்?

போகிறார்கள். ஆளில்லாத இடம் யாருக்கும் வேண்டாம் என்பதுதான் இங்கே முழுக்கச் சொல்லி வந்தது. இவர்களுக்கு அது இன்னும் கறாராக. குடும்பம் நடத்துகிற சிறு முகாம், கோயில் மண்டபம், வீட்டு முற்றம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். தங்கும் இடத்தை அன்றைக்கே சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள், திரும்பி வந்தபின் படம் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் ஒருவருக்கு மட்டும் இடத்தின் வரைபடக் குறியை அனுப்பிவிடுங்கள். ஆண்களும் இதைச் செய்யலாம், தப்பில்லை. அவசர எண் 999. மலையடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், எந்த வளைவு வரை கிடைத்தது என்று வரும் வழியிலேயே கவனித்து வையுங்கள்.

பக்கத்துக் கூடாரத்தில் விடிய விடிய காராவோக்கே போட்டால் என்ன செய்வது?

கேட்டுப் பார்க்கலாம், முதல் பாட்டுக்குக் குறைப்பார்கள், மூன்றாவது பாட்டுக்குப் பழையபடி ஏறிவிடும். அந்த ராத்திரியையே தவிர்ப்பதுதான் வழி. பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி இரண்டையும் விட்டுவிடுங்கள். கெடாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு அவர்களுக்கு வேலைநாள், பிள்ளைகளுக்குப் பள்ளி. அதனால் உள்ளூர்க் குடும்பங்கள் பெரும்பாலும் வியாழன், வெள்ளி இரவுகளில் தங்கிவிட்டுச் சனிக்கிழமை மாலை மூட்டை கட்டுவார்கள். சனி காலை பட்டர்வொர்த்தில் கிளம்பி மூன்று மணிக்கு நீங்கள் போய்ச் சேரும்போது அவர்கள் காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கொட்டகைக்குப் பக்கத்து இடம் காலியாகும் வரை ஒரு தே தாரிக் குடித்துக் காத்திருங்கள்.